தொழுவத்தில் நிற்கும் சிறு வண்டி

கயத்தாற்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய தகப்பனார் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவர் ஓட்டிய மோட்டார் சைக்கிள் வீட்டுக்குப் பின்னால், மாட்டுத் தொழுவத்தில், சாக்குப் போர்த்தியபடி நிற்கிறது. ஏனைய வண்டிகளைப் போல் உயரமானது அன்று; பள்ளிப் பிள்ளைக்கென்று செய்ததைப் போலக் குட்டையாக இருக்கிறதாம். காயலான் கடைக்காரர் வரும்போதெல்லாம் அதனை எடைக்குக் கேட்கிறார். சென்ற மாதம் கோவில்பட்டியிலிருந்து வந்த இளைஞர் ஒருவரோ, "அக்கா, இது பாபி வண்டி, வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்" என்று சொல்லி முன்பணமும் நீட்டியிருக்கிறார். வண்டியின் ஆர்.சி. புத்தகம் பழைய ரேஷன் அட்டைகளோடு ஒரு துணிப்பொட்டலத்தில் கிடக்கிறது. முதற்பதிவு 1976 என்று மட்டும் படிக்க முடிகிறதாம். "இருவரில் யாரை நம்புவது?" என்பது சகோதரியின் வினா.

இப்போதைக்கு இருவரையும் நம்ப வேண்டாம். முன்பணத்தையும் வாங்க வேண்டாம். தூத்துக்குடியில் 1961-ஆம் ஆண்டு நடந்த சலாபம் வரையிலும் முத்துச் சிப்பிகளைத் திறவாமலே ஆயிரக் கணக்கில் ஏலம் விடுவது வழக்கம். எடுத்தவனுக்கு முத்தும் கிடைக்கலாம், வெறும் ஓடும் கிடைக்கலாம். பழைய வண்டி அப்படியன்று. விற்பவர் அதனைத் திறந்தும் பார்க்கலாம், படித்தும் பார்க்கலாம். பார்த்த பின்னரே விலை பேசலாம்.

முதலில் அந்தப் பெயரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஃபரீதாபாத்தில் இருந்த எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1960-களின் தொடக்கத்திலிருந்து ராஜ்தூத் என்னும் மோட்டார் சைக்கிளைச் செய்துவந்தது. போலந்து நாட்டின் எஸ்.எச்.எல். எம்11 என்ற வண்டியே அதற்கு மூலம். ஏறத்தாழ 173 சி.சி. கொள்ளளவுள்ள டூ ஸ்ட்ரோக் இயந்திரம். பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். பால்காரரும் பண்ணையாரும் ஓட்டிய முரட்டு வண்டி அது. அதே இயந்திரத்தை ஒரு குட்டையான உடலில் பொருத்தி, ராஜ்தூத் ஜி.டி.எஸ். 175 என்ற பெயரில் ஒரு சிறு வண்டியையும் அந்நிறுவனம் வெளியிட்டது. ராஜ் கபூர் இயக்கி 1973-இல் வெளிவந்த 'பாபி' என்ற இந்திப் படத்தில் ரிஷி கபூரும் டிம்பிள் கபாடியாவும் அதில் ஏறிச் சென்றார்கள். அன்றுமுதல் நிறுவனம் வைத்த பெயரை எவரும் சொல்லவில்லை. வடக்கிலும் தெற்கிலும் அது 'பாபி' ஆகிவிட்டது. அந்தக் கதாநாயகி கோவாவைச் சேர்ந்த ஒரு கத்தோலிக்க மீனவரின் மகள் என்பது நம் கடற்கரை வாசகர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கலாம். இதுபோன்ற குடும்ப இதழ்கள் அன்று அந்தப் படத்தைப் பார்க்கச் சொல்லியிருக்குமா என்பது வேறு கேள்வி.

ஆகவே அந்த இளைஞர் சொன்ன பெயர் கற்பனையன்று. அப்படியொரு வண்டி இருந்தது, அது 1970-களுக்குரியது, இப்போது அரிதாகிவிட்டது, சேகரிப்போர் தேடித் திரிகிறார்கள். ஆயினும் குட்டையாக இருப்பதெல்லாம் பாபி ஆகிவிடாது. சாதாரண ராஜ்தூத்தை வெட்டிக் குட்டையாக்கி, சிறு சக்கரம் மாட்டி, படத்தில் வந்ததைப் போலவே வண்ணம் பூசுவது கைதேர்ந்த பட்டறைக்காரருக்குக் கடினமான வேலையன்று.

இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. வாங்க வருபவர் முதலில் இயந்திரத்தைத்தான் பார்ப்பார். இயந்திரத்தின் மேல் ராஜ்தூத் என்று இருந்தால், "ஆம், அசல்தான்" என்று மகிழ்ந்துவிடுவார். ஆனால் இந்த வண்டியைப் பொறுத்தவரை இயந்திரம் எதற்கும் சாட்சி ஆகாது. பெரிய ராஜ்தூத்துக்கும் சிறிய ராஜ்தூத்துக்கும் அது பொதுச்சொத்து. சாட்சி சொல்ல வேண்டியவை பட்டறையில் ஃபிரேம் என்று சொல்லப்படும் எலும்புக்கூடும், அதன்மேல் அமர்ந்த பெட்ரோல் டேங்க்கும், சீட்டும், மட்கார்டுகளும், சக்கரங்களுமே.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே 1950-களிலும் 60-களிலும் புல்வெட்டும் எந்திரத்திலிருந்த சிறு இயந்திரத்தைக் கழற்றி, குழாய்களை வளைத்துச் செய்த ஃபிரேமில் பொருத்தி, பிள்ளைகளுக்கு மினி பைக் செய்துகொடுத்தார்கள். பிறகு அதுவே ஒரு தொழிலாயிற்று. ரப், டாக்கோ, பொனான்சா எனப் பல பெயர்களில் வண்டிகள் வந்தன. பிரிக்ஸ் அண்டு ஸ்டிராட்டன், டெக்கம்சே என்ற இரண்டொரு நிறுவனங்களின் இயந்திரங்களே அவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் இருந்தன. ஆகவே இன்று அங்குள்ள சேகரிப்பாளர் இயந்திரத்தை நம்புவதில்லை. குழாய் எங்கே வளைகிறது, பற்றவைப்பு எப்படி இருக்கிறது, முன் ஃபோர்க்கின் வடிவம் யாது என்பவற்றைப் பார்த்தே வண்டியின் குலத்தைச் சொல்கிறார்கள்.

சகோதரி செய்ய வேண்டியதும் அதுவே. ஒரு பழந்துணி, சிறிது மண்ணெண்ணெய், ஒரு டார்ச் விளக்கு, ஒரு பென்சில், மெல்லிய தாள் போதும். உப்புத்தாள் கொண்டு தேய்க்கவே கூடாது. துருவோடு சேர்ந்து எழுத்தும் போய்விடும். ஃபிரேமின் எண் பெரும்பாலும் ஹேண்டில் சுழலும் கழுத்தின் அருகே வெட்டப்பட்டிருக்கும். இயந்திரத்தின் எண் இயந்திரத்தின் அடிப்பாகத்திலேயே இருக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் மெதுவாகத் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கையாகத் தேய்த்தால் எண் தாளில் விழும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இப்படித்தான் அச்செடுப்பார்கள். அந்த அச்சை ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட வேண்டும். எண்களில் ஒன்று மட்டும் ஆழமாகவோ சாய்ந்தோ இருந்தாலும், எண்ணைச் சுற்றியுள்ள இரும்பு மட்டும் அரைத்து மெலிந்ததுபோல் காணப்பட்டாலும், அங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். திருட்டு வண்டிகளின் வரலாறு பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தொடங்கும்.

பிறகு பற்றவைப்புகளைப் பார்க்கலாம். தொழிற்சாலையில் பற்றவைத்த இடங்கள் வண்டி முழுவதும் ஒரே கைப்பட எழுதியதைப் போல் ஒரே மாதிரி இருக்கும். வெட்டி ஒட்டிய வண்டியில் ஒன்றிரண்டு இடங்கள் மட்டும் கட்டி கட்டியாகவோ, அரைத்து வழவழப்பாகவோ தனித்து நிற்கும். சீட்டுக்கு அடியிலும், பின்சக்கரத்தைத் தாங்கும் கைகள் ஃபிரேமோடு சேரும் இடத்திலும் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். வண்ணத்தையும் அங்கேயே பார்க்கலாம். வெளியே எத்தனை முறை பூசியிருந்தாலும், டேங்க்கின் அடிப்புறத்திலும் பக்கவாட்டு மூடியின் உட்புறத்திலும் முதல் வண்ணம் தப்பிப் பிழைத்திருக்கும். வீட்டார் நினைவில் உள்ள வண்ணத்தோடு அது ஒத்துப்போகிறதா என்று அம்மாவிடம் கேட்டுக்கொள்ளலாம். மெக்கானிக்கைக் காட்டிலும் அம்மாவின் நினைவு இங்கே நம்பகமானது. தகப்பனார் வண்டியோடு நின்று எடுத்துக்கொண்ட பழைய புகைப்படம் ஒன்று அகப்பட்டால் அதைவிடச் சிறந்த ஆவணம் இல்லை.

ஆர்.சி. புத்தகத்திலும் எண்ணைத் தவிரப் படிக்க வேண்டியவை உண்டு. தயாரித்தவர் பெயர், வகை, ஆண்டு, வண்டியின் எடை ஆகியவை குறிக்கப்பட்டிருக்கும். வகை என்ற இடத்தில் ஜி.டி.எஸ். என்றிருந்தால் வழக்கு ஏறக்குறைய முடிந்தது. தூத்துக்குடி மாவட்டம் உதயமானது 1986 அக்டோபர் 20 அன்று. 1976-இல் கோவில்பட்டி, கயத்தாறு வட்டாரம் முழுவதும் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. எனவே புத்தகத்தில் திருநெல்வேலி முத்திரை இருப்பது கண்டு ஐயுற வேண்டியதில்லை. மூன்று எழுத்தும் நான்கு எண்ணுமாக இருப்பதும் சரியே. இப்போதுள்ள முறை, 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பின்னரே ஏற்பட்டது.

கயத்தாறு கடலைவிட்டு உள்ளே தள்ளி, காற்றாலைகள் சுழலும் வறண்ட பூமியில் இருப்பது ஒரு நற்பேறு. உப்பளக்கரையில் நின்ற வண்டியாக இருந்தால் வேறு கதை. உப்புக்காற்று வண்ணத்தை விட்டுவிட்டு உள்ளிருந்து தின்னும். மட்கார்டின் மடிப்பு, ஸ்போக் கம்பியின் தலை, சைலன்சரின் அடிப்புறம், ஃபிரேம் குழாயின் உள்ளே என்று ஒளிவிடங்களைத் தேடிப் போகும். கரையோர வண்டியை வாங்கும் அன்பர்கள் சுத்தியலின் மரப்பிடியால் குழாயை நெடுகத் தட்டிப் பார்ப்பது நல்லது. ஓசை ஓரிடத்தில் மட்டும் மந்தமாகக் கேட்டால் அங்கே இரும்பு மெலிந்துவிட்டது. தொழுவத்தில் நின்ற வண்டிக்கு வேறொரு பகை உண்டு. சாணமும் மாட்டுச் சிறுநீரும் பட்ட பக்கத்தில் ரிம்மும் செயினும் விரைவில் அரித்துப்போகும். வண்டியை இன்றே அங்கிருந்து திண்ணைக்கு மாற்றிவிட வேண்டும்.

இனி உதிரிப் பாகங்களைப் பற்றி. ராஜ்தூத் பல்லாண்டுகள் லட்சக்கணக்கில் ஓடிய வண்டியாதலால் பிஸ்டன், ரிங், கிளட்ச் தட்டு போன்ற இயந்திரப் பொருள்களைத் தேடினால் அடையலாம். சென்னைப் புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்தால் பாதி இயந்திரத்தைச் சேர்த்துவிடலாம் என்பார்கள். கிடைக்காதவை எவை என்றால், யாரும் பொருட்படுத்தாதவை: அந்தச் சிறு வண்டிக்கென்றே வார்த்த டேங்க், அதன் மூடி, பக்கவாட்டுத் தகடுகள், பெயர்ப்பட்டை, சீட்டின் அடித்தகடு, செயின் மூடி. இவை உடைந்தபோது பட்டறையில் என்ன செய்தார்கள்? கழற்றி மூலையில் எறிந்தார்கள். வேறு வண்டியின் டேங்க்கை மாட்டிக் கொடுத்தார்கள். வண்டி ஓடியது, உரியவருக்கும் மகிழ்ச்சி. வண்டியின் அடையாளம் அந்த மூலையில் கிடந்து, ஒருநாள் காயலான் கடையின் தராசில் ஏறிற்று. ஆகவே தொழுவத்தின் பரணையும், பழைய டிரங்குப் பெட்டியையும், விறகு அடுக்கியிருக்கும் மூலையையும் ஒருமுறை துழாவ வேண்டும். தகப்பனார்கள் கழற்றிய பொருளை எளிதில் எறிவதில்லை. துருப்பிடித்த பெயர்ப்பட்டை ஒன்று கிடைத்தாலும் அதனை வண்டியோடு சேர்த்துக் கட்டிவைக்க வேண்டும். பழையது ஓட்டையானாலும் புதிய நகலைவிட அதற்கே மதிப்பு. இங்கிலாந்தில் போர்க்காலத்தில் பாராசூட்டில் இறக்குவதற்கென்று வெல்பைக் என்ற மடக்கு வண்டியைச் செய்தார்கள். 98 சி.சி. வில்லியர்ஸ் இயந்திரம், ஹேண்டிலையும் சீட்டையும் மடக்கி உருளைப் பெட்டிக்குள் அடைத்துவிடலாம். இன்று அவற்றைச் சேகரிப்போரும் முதலில் கேட்பது அந்த மடக்கும் உறுப்புகள் அசல்தானா என்பதையே.

பளபளவென்று ஆக்கிக் காட்ட வேண்டும் என்ற ஆவலில் பலர் முதலில் செய்வது பழைய வண்ணத்தைச் சுரண்டி, இரும்பையெல்லாம் குரோமியம் பூசக் கொடுப்பது. என் கருத்தில் இது வண்டிக்குச் செய்யும் தீங்கு. அரசாங்கமும் ஏறக்குறைய அதே கருத்தில் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதிகளை வெளியிட்டது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, இருசக்கர அல்லது நான்கு சக்கர வாகனம், அசல் வடிவத்தில் காக்கப்பட்டு, பெரிய மாற்றம் எதற்கும் உள்ளாகாமல் இருந்தால், அதற்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளைத் தாங்கிய சிறப்பு எண் வழங்கலாம். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டுகளுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். அந்த எண்ணோடு அன்றாடம் சந்தைக்குப் போக முடியாது. கண்காட்சி, பழைய வாகன ஊர்வலம், பெட்ரோல் நிரப்புதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் இறங்கலாம். சகோதரியின் வண்டிக்கு 2026-இல் ஐம்பது நிறைகிறது. ஆண்டு எண்ணப்படுவது முதற்பதிவிலிருந்து என்பதைக் கவனிக்க வேண்டும். கரையான் அரித்த அந்தப் புத்தகம் இல்லையென்றால் வண்டிக்கு வயதே இல்லை. அதனை முதலில் பிளாஸ்டிக் உறையில் இட்டு, படமும் எடுத்துவைக்க வேண்டும்.

வண்டி இன்னும் தகப்பனார் பெயரிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். உரிமையாளர் இறந்தால் 30 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் படிவம் 31 கொண்டு வாரிசின் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது விதி. காலம் கடந்துவிட்டதால் அபராதமும், இடையில் தவறிய புதுப்பிப்புக்கும் பசுமை வரிக்கும் ஆகும் தொகையும் கட்ட வேண்டியிருக்கும். வாரிசுச் சான்றிதழுடன் கோவில்பட்டி அலுவலகத்தில் நேரில் கேட்பது நலம். பெயர் மாறும் முன் எவரிடமும் வண்டியைக் கொடுப்பது உசிதமன்று. காயலான் கடைக்குக் கொடுப்பதிலும் அதே ஆபத்து இருக்கிறது. இரும்பு உருகிவிடும், எண் உருகுவதில்லை. அழிந்த வண்டியைப் பற்றி 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, பதிவை நீக்கச் செய்யாவிட்டால், அந்த எண் வேறொரு திருட்டு வண்டியின் மேல் ஏறிக்கொண்டு, காவலர் ஒருநாள் இறந்தவரின் வீட்டைத் தேடி வரக்கூடும்.

ராஜ்தூத்தோடு இந்தப் பேச்சு நின்றுவிடக் கூடாது. நம் ஊர்களில் பாபி வண்டி நூற்றில் ஒரு வீட்டிலும் இராது. மொபெட் இல்லாத தெரு இராது. திருப்பதியில் மொபெட்ஸ் இந்தியா நிறுவனம் பிரெஞ்சு நாட்டின் மொபிலெட்டைத் தழுவிச் செய்த சுவேகா. கைனடிக் நிறுவனம் 1972-இல் இத்தாலிய பியாஜியோவின் சியாவ் வண்டியை ஒட்டிக் கொண்டுவந்த லூனா. சென்னை என்ஃபீல்டு நிறுவனம் ஜெர்மனியின் சுண்டாப் துணையோடு 1980-களில் விற்ற சில்வர் பிளஸ், எக்ஸ்ப்ளோரர். அதே நிறுவனத்தின் 'மினி புல்லட்' பெயரில் மட்டுமே மினி, 200 சி.சி. டூ ஸ்ட்ரோக் இயந்திரம் கொண்ட முழு மோட்டார் சைக்கிள் அது. மோஃபா என்ற வண்டியோ 25 சி.சி. வகுப்பைச் சேர்ந்தது. 25 சி.சி.க்கு மேற்படாத இயந்திரமுள்ள இருசக்கர வண்டியை 1988-ஆம் ஆண்டுச் சட்டம் மோட்டார் வாகனமாகவே கருதுவதில்லை. ஆகையால் மோஃபாவுக்குப் புத்தகம் இல்லையென்று ஒருவர் சொன்னால் உடனே அவரைத் திருடராக எண்ணிவிட வேண்டாம்.

இவற்றுக்கெல்லாம் தலையாயது டி.வி.எஸ். 50. நம் நாங்குநேரிப் பக்கத்துத் திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய நிறுவனக் குழுமம் 1980-இல் ஒசூரில் அதனை வெளியிட்டது. இருவர் அமர்ந்து செல்லக்கூடிய முதல் இந்திய மொபெட் என்ற பெயர் அதற்கு உண்டு. மீன் கூடையும், உப்பு மூட்டையும், பால் கேனும், தண்ணீர்க் குடமும் சுமந்து அது தேய்ந்த தேய்மானம் கொஞ்சமன்று. அதனாலேயே ஆரம்ப காலத்து டி.வி.எஸ். 50 ஒன்று முழு உருவத்தோடு கிடைப்பது பாபி கிடைப்பதைவிடக் கடினமாகலாம். பெடலைக் கழற்றிவிட்டார்கள், பின்சீட்டை அறுத்து இரும்புக் கேரியர் பற்றவைத்தார்கள், செயின் மூடி ஓசையிடுகிறது என்று எறிந்தார்கள். சேகரிப்போர் ஜாவாவையும் புல்லட்டையும் தேடி ஓடும் இந்நாளில், ஏழையின் வண்டியான இதனை எடைக்குப் போட எவரும் தயங்குவதில்லை. முதல் ஆண்டு டி.வி.எஸ். 50-க்கு ஐம்பது நிறைவது 2030-இல். பெடலும் பின்சீட்டும் உள்ளதொன்று உங்கள் வீட்டில் இருந்தால், அதன் பெடலையாவது கழற்றாதீர்கள்.

கடைசியாக, நீண்ட நாள் நின்ற வண்டியைக் கிளப்பிப் பார்க்கும் ஆவலைப் பற்றி. வாங்க வந்தவர் "ஒரு உதை உதைத்துப் பார்க்கிறேன்" என்றால் அனுமதிக்கலாகாது. உள்ளே ரிங் துருவோடு ஒட்டியிருந்தால் அந்த ஒரே உதையில் முறிந்துபோகும். டேங்க்கில் பழைய பெட்ரோல் இருந்தால் அது பிசினாகியிருக்கும், வடித்துவிட வேண்டும். 2025-இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அக்காலத்து ரப்பர் குழாயையும் கார்புரேட்டரில் உள்ள வாஷர்களையும் ஊறவைத்துக் கெடுக்கும். ஆகவே பெட்ரோல் குழாயைப் புதியதாக மாற்றாமல் புதுப் பெட்ரோல் ஊற்றக் கூடாது. ஓட்டி முடித்ததும் டேங்க்கில் தேக்கி வைக்கவும் கூடாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் டூ ஸ்ட்ரோக் எண்ணெய் சில சொட்டுகள் விட்டு ஓர் இரவு ஊறவிட வேண்டும். மறுநாள் பிளக்கை மாட்டாமலே கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைக்க வேண்டும். சக்கரத்தோடு இயந்திரமும் தங்குதடையின்றிச் சுற்றத் தொடங்கிய பிறகே கிக்கரில் கால் வைக்கலாம்.